குளிர்காலக் காற்றுப்புயல்: வீசும் இரவுக்கும், அதன் பின் வரும் குளிருக்கும் தயாராவது எப்படி?

2021 நவம்பர் 26 இரவு ஆர்வென் என்ற புயல் பிரிட்டனைத் தாக்கியது. மறுநாளே காற்றின் வேகம் தணிந்துவிட்டது. ஆனால் சுமார் 10 லட்சம் வீடுகளில் கரண்ட் போயிருந்தது. அவற்றில் ஏறக்குறைய 4,000 வீடுகள் ஒரு வாரத்துக்கும் மேல் இருட்டிலும் குளிரிலும் கிடந்தன. 2025 ஜனவரி 24 அன்று இயோவின் புயல் அயர்லாந்தில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கும் மேல் வீசியது. அங்கே 7 லட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள் அறுந்தன. அதன் பின் வந்த நாட்களும் அதே மாதிரிதான் கழிந்தன.

புயல் என்றதும் கூரை, ஜன்னல், மரம் என்றுதான் மனம் ஓடுகிறது. குளிர்காலத்தில் காற்று ஓரிரவில் போய்விடும், கரண்ட் இல்லாத குளிர் பல நாள் தங்கும். முதலாவதற்குத் தயாராகிவிட்டு இரண்டாவதில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் காற்று நின்ற பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றியது.

முதலில், எதிரே வருவது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெப்பமண்டலப் புயலுக்குச் சூடான கடல்நீர்தான் தீனி. குளிர்காலப் புயலுக்கு அது தேவையில்லை. துருவப் பக்கமிருந்து இறங்கும் கடுங்குளிர்க் காற்றும், வெப்பப் பகுதியிலிருந்து வரும் இதமான காற்றும் சந்திக்கும் இடத்தில், இரண்டுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைத் தின்றே இது வளர்கிறது. மையத்தில் காற்றழுத்தம் ஒரே நாளில் சுமார் 24 மில்லிபார் அளவுக்குச் சரிந்தால் அதைத்தான் செய்திகளில் 'பாம் சைக்ளோன்' என்கிறார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால், தயாராக உங்களுக்கு இருக்கும் நேரம் குறைவு என்று பொருள்.

வானிலை அறிக்கையில் சராசரி வேகத்தைவிட, திடீர் வீச்சின் வேகத்தைப் பாருங்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 60 கிலோமீட்டர் வேகக் காற்று சுவரைத் தள்ளுவதைவிட 120 கிலோமீட்டர் காற்று நான்கு மடங்கு பலமாகத் தள்ளும். காற்று வரும் திசையையும் கவனியுங்கள். மரங்கள் தங்களுக்குப் பழகிய திசைக் காற்றைத் தாங்கும்படிதான் வேரூன்றி வளர்கின்றன. ஆர்வென் வழக்கத்துக்கு மாறாக வடக்கிலிருந்து வீசியதால்தான் அத்தனை மரங்கள் சாய்ந்தன.

இன்னொன்று, இந்தப் புயல்கள் வரிசை கட்டியும் வரும். 1999 டிசம்பர் 26 அன்று லோதார் பிரான்ஸைப் புரட்டிப் போட்டது. மறுநாளே மார்ட்டின் வந்து சேர்ந்தது. முதல் புயல் போனதும் எடுத்து வைத்த பொருளையெல்லாம் அவசரப்பட்டுப் பிரித்துப் போடாதீர்கள்.

குளிர்காலம் தொடங்கும் முன்பே முடிக்க வேண்டியவை

வீட்டைச் சுற்றி ஒருமுறை நிதானமாக நடந்து வாருங்கள். நகர்ந்த ஓடு, ஆடும் புகைபோக்கி மூடி, தளர்ந்த வேலிக் கம்பம், இலை அடைத்த கூரைக் கால்வாய் எல்லாம் இப்போது அரைநாள் வேலை. புயலுக்கு முந்தைய நாள் அவற்றைச் சரிசெய்ய ஆள் கிடைக்காது. மரங்களில் காய்ந்த கிளை, அடித்தண்டில் காளான், ஒரு பக்கம் மண் எழும்பியிருப்பது தெரிந்தால் மரம் வெட்டத் தெரிந்தவரை அழையுங்கள். இலையுதிர்த்த மரத்தைவிடப் பசுமை மாறாத ஊசியிலை மரம் குளிர்காலக் காற்றில் அதிகம் ஆபத்து. அது முழுப் பாயை விரித்த படகு மாதிரி நிற்கும். மழையில் ஊறி நெகிழ்ந்த மண் என்றால் வேரோடு வரும்.

விறகடுப்போ கணப்போ இருந்தால் புகைபோக்கியைச் சுத்தம் செய்துவிடுங்கள். வீட்டைச் சூடாக்கும் பாய்லரை ஆள் வைத்துப் பரிசோதியுங்கள். பலர் நினைத்துப் பார்க்காத ஒரு விஷயம் இருக்கிறது. பாய்லர் எரிவாயுவில் ஓடினாலும் அதன் பம்பும் விசிறியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கரண்டில்தான் இயங்கும். கரண்ட் போனால் எரிவாயு இருந்தும் வீடு சூடாகாது. கிணற்று மோட்டாரும் அப்படியே. கண்ணாடி இழை வழியாக வரும் வீட்டுத் தொலைபேசியும் மோடத்தோடு சேர்ந்து அணைந்துவிடும். உங்கள் வீட்டில் கரண்ட் இல்லாமல் எவையெல்லாம் நிற்கும் என்று ஒரு மாலை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். என்னைக் கேட்டால், எந்தப் பொருளை வாங்குவதையும்விட இந்தப் பட்டியல்தான் முதல் படி.

வாங்கியே ஆகவேண்டிய ஒரு பொருள் உண்டு. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டில் யாராவது ஆக்சிஜன் இயந்திரம், நெபுலைசர், தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் கருவி என எதையாவது நம்பி இருந்தால், மின் நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பல நாடுகளில் இதற்கென்று தனிப் பதிவேடு இருக்கிறது. கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும், அதன் பிறகு எங்கே போவது என்று மருத்துவரிடமும் பேசி வையுங்கள்.

எச்சரிக்கை வந்த பிறகு

இரண்டு மூன்று நாள் அவகாசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர் வீதம் மூன்று நாளுக்கு வேண்டும். தொலைதூரக் கிராமப் பகுதி என்றால் ஒரு வாரத்துக்குக் கணக்குப் போடுங்கள். மோட்டாரை நம்பிய வீடு என்றால் கழிப்பறைக்குத் தனியாக வாளிகளில் பிடித்து வையுங்கள். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் திறந்த தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டாம்.

சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு, கையால் திருகும் டப்பாத் திறப்பான், மருந்துகள், கைக்குழந்தைக்கு வேண்டியவை, கொஞ்சம் ரொக்கப் பணம். கரண்ட் இல்லாத ஊரில் கார்டு வேலை செய்யாது. டார்ச்சை ஆளுக்கு ஒன்று வையுங்கள். நெற்றியில் கட்டும் விளக்கு கிடைத்தால் இன்னும் நல்லது, இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். மெழுகுவர்த்தியை நம்பாதீர்கள். குளிரில் போர்வைகள் குவிந்து கிடக்கும் அறையில் சிறு தீ போதும், தீயணைப்பு வண்டி வரும் சாலையிலோ மரம் விழுந்து கிடக்கும். பேட்டரி ரேடியோவும் தேவை. செல்போன் கோபுரங்களின் பேட்டரி பல இடங்களில் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதன் பிறகு ரேடியோதான் செய்தி சொல்லும்.

காருக்கு எரிபொருள் நிரப்பி, மரத்தடியிலிருந்து விலக்கி நிறுத்துங்கள். கரண்டில் திறக்கும் கேரேஜ் கதவு என்றால் அதைக் கையால் விடுவிக்கும் கயிறு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே இழுத்துப் பாருங்கள். தண்ணீர் மெயின் வால்வு எங்கே, எரிவாயு வால்வு எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள்.

முந்தைய நாள், முற்றத்தில் இருப்பதையெல்லாம் உள்ளே எடுத்து வையுங்கள். நாற்காலி, பூந்தொட்டி, குப்பைத் தொட்டி, குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாமே பறக்கும். குதித்து விளையாடும் டிராம்போலின் பக்கத்து வீட்டுக் கூரை வரை போகும், அதைப் பிரித்து வைப்பதே நல்லது. ஜன்னல் கண்ணாடியில் குறுக்கே டேப் ஒட்டுவதில் பலனில்லை. கண்ணாடி உடைவதை அது தடுக்காது, உடைந்தால் பெரிய துண்டுகளாக விழவும் வைக்கும். ஃபிரீசரில் இடமிருந்தால் தண்ணீர் பாட்டில்களை முக்கால் நிரப்பி உறைய வையுங்கள். வெளிச்சமும் சூடும் இருக்கும்போதே குளித்து, துணி துவைத்து, எல்லாவற்றையும் சார்ஜ் செய்துவிடுங்கள்.

காற்று வீசும் அந்த இரவில்

மாடியில் தூங்க வேண்டாம். மரமோ புகைபோக்கியோ விழக்கூடிய பக்கத்தை விட்டு, தரைத்தளத்தில் உள்பக்க அறையில் எல்லோரும் சேர்ந்து படுங்கள். காலணி, டார்ச், கோட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஜன்னல் உடைந்தால் தரை முழுக்கக் கண்ணாடி கிடக்கும், வெறுங்காலோடு இறங்கக் கூடாது.

'அழுத்தம் சமமாகட்டும்' என்று ஜன்னலைத் திறந்து வைக்கும் பழைய யோசனையைக் கேட்காதீர்கள். உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். வெளிக்கதவுகள், ஜன்னல்கள், திரைகள், உள்அறைக் கதவுகள் எல்லாம் மூடியிருக்கட்டும்.

நடுவில் காற்று குறைந்தால் வெளியே போய்ச் சேதம் பார்க்கத் தோன்றும். அப்போதுதான் பலர் அடிபடுகிறார்கள். குளிர்முகப்பு, அதாவது முன்னேறி வரும் குளிர்க் காற்றின் முன்விளிம்பு, கடந்து போகும்போது காற்று சற்றுத் தணிந்து, பிறகு வேறு திசையிலிருந்து இன்னும் பலமாக வரக்கூடும். முதல் காற்றில் வேர் தளர்ந்த மரம் இரண்டாவதில் விழும். எச்சரிக்கை முடிந்தது என்று அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருங்கள். எது பறந்தாலும் போகட்டும், மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

கரண்ட் இல்லாத வீட்டில் சூட்டைக் காப்பது

முழு வீட்டையும் சூடாக வைக்கப் பார்த்தால் முடியாது. ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். சிறியதாக, தாழ்ந்த கூரையோடு, ஜன்னல் குறைவாக, முடிந்தால் பகலில் வெயில் விழுவதாக இருக்கட்டும். கதவின் அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். ஜன்னல் திரைக்கு மேல் போர்வை தொங்கவிடுங்கள், வெயில் வந்தால் மட்டும் விலக்குங்கள். தரையில் கம்பளம், மெத்தை என்று கிடைப்பதை விரியுங்கள். குளிர் காற்றில் வருவதைவிட வேகமாகத் தரை வழியாக ஏறும். அறைக்குள்ளேயே சின்னக் கூடாரம் போடுவது குழந்தைகளுக்கு விளையாட்டு, பெரியவர்களுக்கு உண்மையான பலன். நான்கு பேரின் உடல் சூடு ஒரு கூடாரத்துக்குள் நன்றாகவே தங்கும்.

உடையை அடுக்கடுக்காக அணியுங்கள். உடம்போடு ஒட்டிய அடுக்கில் பருத்தி வேண்டாம், வியர்த்தால் ஈரம் தங்கிக் குளிரும். கம்பளியோ பாலியஸ்டரோ நல்லது. தலைக்கும் காலுக்கும் எப்போதும் ஏதாவது இருக்கட்டும். தண்ணீர் சுட வைக்க வழி இருந்தால் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வயிற்றோடு வைத்துக்கொள்ளலாம். வயிறு காயவிடாதீர்கள், சாப்பாடுதான் உடம்புக்கு விறகு.

இப்போது அந்த அலாரத்துக்கு வருகிறேன். 2006 டிசம்பர் 14 இரவு அமெரிக்காவின் வடமேற்கில் பெரிய காற்றுப்புயல் அடித்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது. அதன் பின் வந்த குளிர் நாட்களில் வாஷிங்டன் மாநிலத்தில் பலர் கார்பன் மோனாக்சைடு நச்சால் மருத்துவமனைக்குப் போனார்கள், சிலர் உயிரோடு திரும்பவில்லை. வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியவர்கள், கேரேஜுக்குள் ஜெனரேட்டர் ஓட்டியவர்கள். பாதிக்கப்பட்டவர்களில் வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைய. ஆங்கிலத்தில் வந்த எச்சரிக்கை அவர்களைச் சேரவில்லை. கடைசியில் சியாட்டில் டைம்ஸ் நாளிதழ் முதல் பக்கத்திலேயே பல மொழிகளில் எச்சரிக்கை அச்சிட்டது. இதைத் தமிழில் எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வயதான அம்மா அப்பாவோ, புதிதாக வந்து சேர்ந்த உறவினரோ குளிர் நாட்டில் உங்களோடு இருந்தால், இந்தப் பகுதியை மட்டுமாவது அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கனன்று சிவந்த கரியிலிருந்து புகை வராது, அதனால் 'புகையில்லையே, ஆபத்தில்லை' என்று தோன்றும். உண்மையில் அப்போதும் அது வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பதும் காப்பாற்றாது. எனவே கரி அடுப்பு, வெளியில் பயன்படுத்தும் எரிவாயு அடுப்பு, ஜெனரேட்டர் எதுவும் வீட்டுக்குள்ளோ கேரேஜுக்குள்ளோ மூடிய தாழ்வாரத்திலோ கூடாது. சமையலறை எரிவாயு அடுப்பை அறையைச் சூடாக்க எரிய விடக் கூடாது. கேரேஜுக்குள் காரை ஓடவிட்டு செல்போன் சார்ஜ் செய்வதும் அதே ஆபத்துதான்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், சோர்வு. காய்ச்சல் இல்லாத ஃபுளூ மாதிரி இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், அல்லது வெளியே போனதும் தெளிந்தால், சந்தேகமே வேண்டாம். எல்லோரையும் உடனே வெளியே கொண்டுவந்து அவசர உதவியை அழையுங்கள். குளிராக இருக்கிறதே என்று திரும்ப உள்ளே போகாதீர்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் கதவு ஜன்னலுக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி வையுங்கள். சூடாக இருக்கும்போது எரிபொருள் ஊற்றாதீர்கள். வீட்டுச் சுவர் பிளக்கில் ஜெனரேட்டரைச் செருகவே கூடாது. அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போகும். உங்களுக்காகக் குளிரில் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனைக் கொன்றுவிடும்.

குளிர் உடம்பில் ஏறினால்

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஆபத்தான நிலை. முதலில் வெடவெடவென்று நடுக்கம், கை மரத்துப்போவது. பிறகு நாக்குக் குழறும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். நடுக்கம் நின்றுவிட்டது, ஆனால் ஆள் மந்தமாக இருக்கிறார் என்றால் தேறிவிட்டார் என்று எண்ணாதீர்கள், நிலைமை முற்றிவிட்டது. ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த கம்பளியில் சுற்றி, நெஞ்சு, கழுத்து, அக்குள் பகுதியை முதலில் சூடாக்குங்கள். நினைவு தெளிவாக இருந்தால் இளஞ்சூடான இனிப்புப் பானம் தரலாம். கை காலைத் தேய்க்கக் கூடாது, வெந்நீரில் இறக்கக் கூடாது, மது கொடுக்கவே கூடாது. அவசர உதவியை அழைத்துவிட்டு இவற்றைச் செய்யுங்கள்.

முதியவர்களுக்குக் குளிர்வது தெரியவே தெரியாமல் போகலாம். 'எனக்கு ஒன்றும் குளிரவில்லை, போ' என்று அவர்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அறைக்குள் ஒரு வெப்பமானி வையுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி என்கிறது. கரண்ட் இல்லாத வீட்டில் அது கிடைக்காது. ஆனாலும் வயதானவரோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் முள் தொடர்ந்து இறங்கினால், பகல் வெளிச்சம் இருக்கும்போதே உறவினர் வீட்டுக்கோ பொது வெப்ப முகாமுக்கோ கிளம்பிவிடுங்கள். பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டு நடுராத்திரியில் கிளம்புவதுதான் மோசமான முடிவு. தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவையும் தினம் இருமுறை தட்டுங்கள்.

குழாய், சாப்பாடு, மருந்து

வீட்டின் உள்வெப்பம் உறைநிலையை நெருங்கினால் குழாய்த் தண்ணீர் உறைந்து விரிந்து குழாயைப் பிளக்கும். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களைத் துணியால் சுற்றுங்கள், ஒரு குழாயை நூல் போல் ஒழுக விடுங்கள். வீட்டை விட்டுப் போவதானால் மெயின் வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து வடித்துவிடுங்கள். உறைந்துவிட்டால் நெருப்புக் காட்டாதீர்கள். வெந்நீரில் நனைத்த துணியைக் குழாய் வாய்ப் பக்கமிருந்து தொடங்கி மெதுவாக நகர்த்துங்கள்.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் 4 மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃபிரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம். வெளியே குளிராகத்தானே இருக்கிறது என்று உணவை வெளியில் வைக்காதீர்கள், வெயில் படும், விலங்கு வரும். அதற்குப் பதில் பாட்டில் தண்ணீரை வெளியில் உறைய வைத்து, அதை ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். இன்சுலின் உறைந்தால் பயனற்றுப் போகும், பிறகு இளகினாலும் போட்டுக்கொள்ளக் கூடாது. துணியில் சுற்றி உடம்புக்குப் பக்கத்தில் வைத்திருங்கள்.

காற்று நின்ற பிறகு வெளியே

குளிரையும் காற்றையும் தாங்கும் உடை இல்லாமல் போகாதீர்கள். வெப்பநிலை 0 டிகிரிதான் என்றாலும் 50 கிலோமீட்டர் காற்றில் தோலுக்கு அது மைனஸ் 8 போல் இருக்கும். மைனஸ் 10 டிகிரியில் 40 கிலோமீட்டர் காற்று என்றால் மைனஸ் 21.

அறுந்து கிடக்கும் எந்தக் கம்பியிலும் கரண்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 10 மீட்டர் விலகி நின்று தகவல் சொல்லுங்கள். விழுந்த மரத்துக்குள் கம்பி மறைந்திருக்கும், ஈர வேலியிலும் கரண்ட் பாயும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் காரின் மேல் கம்பி விழுந்தால் உள்ளேயே இருங்கள். தீப்பிடித்தால் மட்டும், காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு காலும் சேர்த்துக் குதித்து, பாதத்தைத் தரையிலிருந்து தூக்காமல் தேய்த்தபடியே விலகுங்கள்.

சாய்ந்த மரத்தை அறுக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். வளைந்து அழுந்திக் கிடக்கும் தண்டு வில் மாதிரி, தவறான இடத்தில் ரம்பம் பட்டால் விசையோடு எகிறி அடிக்கும். பனி படிந்த கூரையில் தார்ப்பாய் போட ஏணியில் ஏறுவதும் அப்படித்தான். ஒழுகும் இடத்தில் வாளி வைத்துவிட்டு, ஆள் வரும்வரை காத்திருங்கள். எதையும் அள்ளும் முன் எல்லாச் சேதத்தையும் படமெடுங்கள், காப்பீட்டுக்கு வேண்டும்.

கார்ப் பயணம் தவிர்க்க முடியாமல் போய், பனியில் சிக்கிக்கொண்டால், காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். புகைக்குழாயை அடைத்த பனியை நீக்கிவிட்டு, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 நிமிடம் மட்டும் என்ஜினை ஓட்டுங்கள். அப்போது ஒரு ஜன்னலை விரல் அளவு திறந்து வையுங்கள்.

கரண்ட் திரும்பி வரும்போது

கரண்ட் போன உடனேயே ஹீட்டர், அடுப்பு, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஆளில்லாத அறையில் ஹீட்டர் மேல் காயப்போட்ட துணி இருக்க, நடுராத்திரியில் கரண்ட் வந்து தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. ஒரே ஒரு விளக்கை மட்டும் சுவிட்ச் போட்டபடி விடுங்கள், அது எரிந்தால் கரண்ட் வந்ததாகத் தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தாலோ, மீட்டருக்கு வரும் கம்பி இழுபட்டிருந்தாலோ, எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை எதையும் தொட வேண்டாம். பாய்லரின் புகை வெளியேறும் குழாய் பனியாலோ குப்பையாலோ அடைபட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை ஓட்டுங்கள்.

அப்புறம், பவர் பேங்கையும் டார்ச்சையும் அன்று இரவே சார்ஜில் போட்டு, காலியான தண்ணீர்ப் பாத்திரங்களை நிரப்பி வையுங்கள். லோதாருக்கும் மார்ட்டினுக்கும் நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.